கல்வெட்டை மறைத்த பேனர்

பிரிக்பீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மைத்துனன் யுகேந்திரனுக்கு, அத்தான் பக்கிரிசாமி எழுதுவது. உன் அக்கா உஷாராணி நலம். நான் நலமில்லை, காரணம், எங்கள் மன்றத் தலைவர் பரமேஸ்வரன்.

அந்தக் காலத்து ரயில்வே தொழிலாளர்கள் கட்டிய எங்கள் மன்றத்தை இடிப்பதற்கு முன், லேசரால் அளந்து கணினியில் பத்திரப்படுத்த ஃபர்ஹானா என்ற பெண் வந்திருந்தார். மூன்று கால் மேல் நின்று சுற்றும் கருவி. "அங்கிள், லேசர் பட்ட இடம்தான் பதியும். முன்னால எதையாச்சும் வச்சு மறைச்சா பின்னால வெறும் ஓட்டைதான் லா. ஆளுங்க நடமாடுனா பரவால்ல, நான் அழிச்சிருவேன்" என்று தெளிவாகத்தான் சொன்னார். தலைவர் காதில் எது ஏறும்? வந்த கருவியை வரவேற்காமல் இருக்கலாமா என்று சுவரெல்லாம் தன் படம் போட்ட பேனர் கட்டி, கருவிக்கே மாலையும் போட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி மாலையை அவர் முகத்திலேயே வீசியது. அன்று நடந்த ஒரே நல்ல காரியம்.

என் கவலையெல்லாம் மண்டபத்துக் கல்வெட்டுதான். கட்டியவர்கள் பெயர்களில் என் தாத்தா சொக்கலிங்கத்தின் பெயரும் உண்டு. அவர் பெயர் வேறெங்கும் எழுதப்படவில்லை. லேசர்தான் வருகிறதே என்று நான் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. அளந்த அன்று விடிந்ததுமே போய், பேனர்காரர்கள் கிட்டே வராதபடி மூன்று மணி வரை காவல் இருந்தேன், சாப்பிடக்கூட எழவில்லை. அப்படியும் பார்! போன வாரம் கட்டடம் இடிந்து, கல்வெட்டு லோரி ஏறிப் போய்விட்டது. நேற்று ஃபர்ஹானா போன் செய்து, "கல்வெட்டு படத்துல விழல அங்கிள், என்னமோ மறைச்சிருக்கு" என்கிறார். என்னமோவா? அந்த ஆளின் பேனர்தான்! நான் அழுதேவிட்டேன், தம்பி.

ஞாயிறு பொதுக்கூட்டத்தில் அவரைப் பதவியிலிருந்து இறக்கியே தீருவேன். பண்டமாரானில் இருக்கும் நம் உறுப்பினர்களை வேன் பிடித்து அழைத்து வா.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்த மன்றத்திலும் சேராமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
அத்தான் பக்கிரிசாமி.

பின்குறிப்பு: வேன் வேண்டாம். இப்போதுதான் ஃபர்ஹானா வந்து படத்தைக் காட்டினார். கல்வெட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் கையைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள். "நடந்தவங்கள எல்லாம் அழிச்சிட்டேன் அங்கிள். நீங்க மட்டும் அசையவே இல்ல, சுவரோட சேந்துட்டீங்க" என்றார். என் வழுக்கையும் தொப்பையும் மில்லிமீட்டர் பிசகாமல் பதிந்திருக்கின்றன. தாத்தா பெயர் என் முதுகுக்குப் பின்னால். பரமேஸ்வரனுக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நானே அவருக்குப் பொன்னாடை போர்த்திவிடுகிறேன்.