வலது கண்ணுக்கு வெளிர், இடது கண்ணுக்கு அரைக்கறுப்பு

லவுனி,
அக்டோபர் 9

அன்புள்ள மச்சான் ராதோவானுக்கு,

விக்டோரின் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா லுத்மிலாவும் என் வலது கண்ணும் சௌக்கியம். இடது கண் வரும் புதன்கிழமை ஆபரேஷனுக்குப் பிறகு சௌக்கியமாகும். ஜாடெட்சில் உன் சுகமும், நீ பீர் காய்ச்சும் கொப்பரையின் சுகமும் அறிய ஆவல். ஆறு வருஷமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்ற வீம்பை நானே விட்டுவிட்டேன்.

விஷயம் கண்புரை. போன மாதம் வலது கண்ணில் ஆபரேஷன் செய்த டாக்டர், "உங்க கண்ணுக்குள்ள இருந்த பழைய லென்ஸ் நல்ல தேன் கலர்ல இருந்துச்சு. இத்தனை வருஷமா உலகத்தையே தேன் பாட்டில் வழியாத்தான் பாத்திருக்கீங்க" என்றார். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும், யாரைக் கேட்டுச் சமையலறைக்கு வெள்ளையடித்தாய் என்று உன் அக்காவோடு சண்டை, அவளோ அந்தச் சுவரில் தூரிகை பட்டே ஒன்பது வருஷமாச்சு என்கிறாள், சரி, விடு என்று அவள் முகத்தைப் பார்த்தால் தலை முழுக்க நரை, "என்னடி இது, ஒரே நாள்லயா நரைச்சுது?" என்று வாய்தவறிக் கேட்டுத் தொலைத்தேன், அன்று மதியம் எனக்கு சூப் வரவில்லை.

பசியோடு நிலவறைக்குப் போய், இந்த வருஷம் நான் காய்ச்சிய அரைக்கறுப்பு பீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வலது கண்ணுக்கு வைக்கோல் நிறம். வலதை மூடி இடதால் பார்த்தேன், அரைக்கறுப்பு. மறுபடி வலது, வெளிர். மறுபடி இடது, அரைக்கறுப்பு. நிறம் போதும் போதும் என்று, கறுப்பு ஏற்றும் வறுத்த மால்ட்டை வருஷாவருஷம் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன், மச்சான்! ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் சிக்னல் பார்த்தவன் கதி இது.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன், தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில், வீட்டில் பீர் காய்ச்சும் நம் சங்கத்தின் போட்டி. மூக்கும் நாக்கும் கிட்டே வருமுன் கண்ணால் பார்த்தே வெளிரா, அரைக்கறுப்பா என்று வகை சொல்ல வேண்டும் என்பது சங்க விதி. நீ வெளிர் என்று எழுதி வைத்த குவளையைத் தூக்கிப் பார்த்து முப்பது பேர் முன்னால், "இது வெளிர் இல்ல மச்சான், அரைக்கறுப்பு. வரிசை மாறி நிக்குது, எடுத்துட்டுப் போ" என்றேன். பக்கத்தில் இருந்த பல் டாக்டர் ஹெட்விகா, "ஒரு வாய் குடிச்சுட்டாவது சொல்லுங்களேன்" என்றாள். "சிக்னல் பாத்த கண்ணும்மா இது!" என்றேன். நீ குவளையோடு வெளியே போனாய். அதற்கப்புறம் எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை.

போன சனிக்கிழமை சங்கத்தில் இதையெல்லாம் ஒப்புக்கொண்டேன். ஹெட்விகா சிரித்த சிரிப்பில் நுரை சட்டையெல்லாம் தெறித்தது. "அப்போ நீங்க தள்ளிவிட்ட பீரெல்லாம் திரும்பி வந்து வரிசைல நிக்கணுமே!" என்று சொல்லி, என் இடது கண்ணில் ஒரு பாட்டில் மூடியை வைத்துப் பிடித்துக்கொண்டுதான் நான் தீர்ப்புச் சொல்லலாம் என்று தீர்மானமே போட்டுவிட்டாள்.

ராதோவான், தப்பு என்னுடையது. உன் பீர் வெளிர்தான். என்னை மன்னித்துவிடு. டிசம்பர் முதல் சனிக்கிழமை போட்டி; அவசியம் வா. முப்பது பேர் முன்னால் சொன்னதை அதே முப்பது பேர் முன்னால் திரும்பப் பெறுகிறேன். நீ இல்லாத அறையில் எனக்கு எந்தப் பீரும் ருசிக்கவில்லை.

உன் கொப்பரை பொங்காமல் கொதிக்கட்டும், உன் குவளையில் நுரை இரண்டு விரல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
விக்டோரின்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "இதுக்கா மன்னிப்பு? அன்னைக்கே தம்பி எங்கிட்ட சொல்லிட்டான். வறுத்த மால்ட் மூட்டைய மாத்திக் கொட்டிட்டானாம். அரைக்கறுப்புன்னு தெரிஞ்சேதான் வெளிர்னு எழுதி வச்சான். 'அத்தான் ஒரே பார்வைல பிடிச்சுட்டாரு, இனி எந்த மூஞ்சிய வச்சுட்டு வருவேன்'னு அழுதான். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற!" என்கிறாள்.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு ரத்து. அழைப்பு ரத்து இல்லை. நீ வெட்கத்தில் அங்கேயும் நான் வீம்பில் இங்கேயுமாக ஆறு வருஷத்தைத் தொலைத்துவிட்டோம். அதே மூட்டையை அதே மாதிரி மாற்றிக் கொட்டிக் காய்ச்சிக்கொண்டு வா. இந்தத் தடவை அரைக்கறுப்பு வரிசையிலேயே வைப்போம். வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், இரண்டு கண்ணாலும்.