உங்கள் தங்கை பக்கத்து வீட்டுக்குப் போனது ரவுட்டரால்தான்

பதுளை,
சனிக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மச்சான் நல்லையா அவர்களுக்கு,

பதுளையிலிருந்து அற்புதராஜ் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நான் இங்கே சுகம். உங்கள் தங்கை ஜெபமலரும் இங்கேயே சுகம். 'இங்கேயே' என்ற சொல்லைத் தயவுசெய்து இன்னொரு முறை வாசிக்கவும். கொஸ்லந்தையில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன கிழமை முழுவதும் நான் எடுத்தபோதெல்லாம் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். கடைசியாக அக்கா எடுத்து, "அவரு ஒங்ககூட பேச மாட்டாராம். இத்தன வருசம் கழிச்சு நம்ம ஜெபத்துக்கு இப்படி ஒரு நெலமய குடுப்பீங்கன்னு நெனைக்கலங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். ஜெபமலர் பையைத் தூக்கிக்கொண்டு என்னை விட்டுப் போய்விட்டாள் என்ற கதை கொஸ்லந்தை வரைக்கும் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கதையைக் கொண்டுவந்தது யார் என்றும் தெரியும். பஸ் ஸ்டாண்டில் இருபத்தேழு வருசம் டைம்கீப்பராக இருந்தவன் நான். காலை எட்டுப் பத்துக்கு எங்கள் வாசலைக் கடக்கிற கொஸ்லந்தை பஸ் எது, அதன் கண்டக்டர் யார் என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த மனிதர் எட்டுப் பத்துக்கு உங்கள் தங்கை பையோடு வெளியே போவதைப் பதினெட்டு நாள் பார்த்திருக்கிறார். மாலை ஆறு மணிக்கு அவள் திரும்பி வரும்போது அவருடைய பஸ் வேறு எங்கேயோ நிற்கும். போனதைப் பார்த்தவர் வந்ததைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் விசயம்.

அவள் ஏன் போனாள் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பென்சன் எடுத்த பிறகும் அவள் ஓ.எல் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பதை விடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். லுணுகலைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடியதிலிருந்து பிள்ளைகளுக்கு வந்துபோக வழியில்லை. அதனால் எங்கள் பின்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் வகுப்பு எடுத்தாள். நாற்பத்திமூன்று பிள்ளைகள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள், ஒரு போனைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து படிக்கிறவர்கள். பழைய டெலிபோன் லைனில் படம் நின்று நின்று வந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவுக்கு பைபர் லைன் வந்தது. பக்கத்து வீட்டு ஷஹீலா நூறு வேகம் போதும் என்று எடுத்தார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறை நாற்பத்திமூன்றால் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு இரண்டு சொச்சம்தான் வரும். இரண்டு சொச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை பைதகரஸ் தேற்றத்தை எப்படிப் படிக்கும்? ஆயிரம் வேகம், கிகாபிட் என்கிறார்களே, அதையே கேட்டேன். "பொட்டி வாங்கிப் பூட்டுறதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ கணக்க மட்டும் பாரு" என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன்.

லைன் போட வந்தவர் முன்னறைச் சுவரில் சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றை அடித்துவிட்டு, "ரவுட்டர் மட்டும் ஆயிரத்துக்கு ஏத்ததா பாத்து வாங்கிக்கங்க" என்று சொல்லிப் போய்விட்டார். நான் டவுனுக்குப் போய் ஒரு கடையில் நல்ல மோடம் ஒன்று கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டில் வந்து பிரித்தால் அதில் டெலிபோன் வயர் சொருகுகிற ஓட்டைதான் இருக்கிறது. பைபர் லைனோ தலைமுடி மாதிரி. திருப்பிக் கொண்டுபோனேன். கடைக்காரர், "பைபர்னு நீங்க சொல்லலியே ஐயா. மோடம் பாக்குற வேலைய அந்த வெள்ளப் பொட்டியே பாத்துக்கும். ஒங்களுக்கு வேண்டியது ரவுட்டர்" என்றார். "அத முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "மோடம் கேட்டீங்க, மோடம் குடுத்தேன்" என்றார். உறையைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்கவும் மாட்டாராம்.

சரி, ரவுட்டரைக் காட்டுங்கள் என்றேன். இரண்டு கொம்பு வைத்தது, நாலு கொம்பு வைத்தது, ஆறு கொம்பு வைத்தது என்று தட்டு முழுக்க இருந்தது. மேல் தட்டில் எட்டுக் கொம்பு வைத்த ஒன்று, மல்லாந்து கிடக்கிற நண்டு மாதிரி. கடைக்காரர் அதன் பின்பக்கத்து ஓட்டைகளைப் பற்றி ஏதோ சொன்னார். நான் கொம்புகளை எண்ணிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. எட்டையே வாங்கினேன். உயரத்தில் இருந்தால் நல்லது என்று முன்னறை இரும்பு அலுமாரிக்கு மேலே வைத்து, தூசி படாமல் பின்னல் துணியும் போட்டு மூடினேன். பக்கத்தில் நின்று போனில் வேகத்தைப் பார்த்தேன். தொண்ணூற்றி நாலு. கொம்புகளை நமுணுகுல மலைப் பக்கம் திருப்பினேன். தொண்ணூற்றி நாலு. டவுன் பக்கம் திருப்பினாலும் அதே தொண்ணூற்றி நாலு. ஆயிரத்தில் மிச்சம் எங்கே போனது என்று எனக்குப் பிடிபடவில்லை. பின்னறையில் நிலைமை இன்னும் மோசம். இது வெள்ளைக்காரன் காலத்து வீடு, நடுச்சுவர் இரண்டடிக் கருங்கல். அதற்கு அந்தப் பக்கம் ஒரு நேரம் மூன்று காட்டும், ஒரு நேரம் ஒன்றுமே காட்டாது. நான் சும்மா இருக்கவில்லை மச்சான். கால் மணிக்கு ஒரு தடவை பின்னறைக் கதவைத் திறந்து, "ஜெபம், இப்ப எவ்வளவு காட்டுது?" என்று கேட்டு, நேரத்தையும் வேகத்தையும் கொப்பியில் பதிந்தேன். பஸ் ஸ்டாண்டில் கூட இவ்வளவு ஒழுங்காக நான் பதிவு வைத்ததில்லை.

இரண்டாம் நாள் காலையில் உங்கள் தங்கை இருபடிச் சமன்பாட்டை ஆரம்பித்து, கையைத் தூக்கி, வாயைத் திறந்தபடியே பிள்ளைகளின் திரையில் நின்றுவிட்டாள். இவளுக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிசம் ஒரு பிள்ளைக்கும் கேட்காமல் மூன்று கணக்குச் செய்து முடித்து, "வெளங்குதா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குள் அவள் வாய் திறந்து நிற்கிற படம் பசறை வரைக்கும் போன்களில் சுற்றிவிட்டது. அவள் கோபப்படவில்லை. வெள்ளைப் பலகையைக் கக்கத்தில் வைத்தாள், கொம்பாஸும் கொப்பிகளும் வைத்த பையை எடுத்தாள், "நான் ஷஹீலா வீட்டுக்குப் போறேங்க. பரீட்சைக்கு ஒரு மாசந்தான் இருக்கு. சோறு சட்டியில இருக்கு" என்றாள். கண்டக்டர் பார்த்தது அந்தப் பையைத்தான்.

அந்தப் பதினெட்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தெருவில் பார்க்கிறவர்கள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஏன் தட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு நாள் போதகர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "எப்பயிருந்து இப்படி, அற்புதம்?" என்று கேட்டார். "ரெண்டு கிழமையா ஐயா. அந்தப் பக்கம் போனா ஒன்னுமே இல்ல" என்றேன். "பேசிப் பாத்தீங்களா?" என்றார். "கம்பெனிக்கு நாலு தடவ பேசிட்டேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்து, அறுந்த இணைப்பை ஆண்டவர் சேர்த்துவைக்க வேண்டும் என்று உருக்கமாக ஜெபம் பண்ணினார். நானும் கண்ணை மூடி ஆமென் சொன்னேன். இன்டர்நெட்டுக்காக ஒரு போதகர் இவ்வளவு உருகுவாரா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மச்சான், ஒன்று சொல்கிறேன். பகலில் இந்த வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. அவள் சுவருக்கு அந்தப் பக்கம் கணக்குச் சொல்கிற சத்தத்தோடுதான் நான் பேப்பர் படிப்பேன், தூங்குவேன். அது இல்லாமல் பேப்பரில் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை. மாலை ஆறுக்கு அவள் வருவாள், சமைப்பாள், சாப்பிடுவோம். "அங்க எப்படி?" என்று கேட்பேன். "நல்லா போகுது" என்பாள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவேளை இங்கே கடைசிவரைக்கும் சரிவராதோ, அவள் அங்கேயே பழகிவிடுவாளோ என்று பயம் வந்துவிட்டது.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை, பிள்ளைகள் பழைய வினாத்தாள்கள் எல்லாம் செய்து முடித்த மறுநாள், ஷஹீலாவே வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு ஆபிசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். பின்னல் துணியை எடுத்து மடித்துவைத்துவிட்டு, நண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணன், இதுட போர்ட் நூறுக்கு மேல போகாது. வெளிய ஆயிரம் வந்து நின்டாலும் இந்த வாசலால நூறுதான் உள்ள வரும்" என்றார்.

"எட்டுக் கொம்பு இருக்கே?"

"கொம்பப் பாத்து வாங்கக் கூடாது. வயர் போற ஓட்டை எல்லாம் கிகாபிட்டான்னு பாக்கணும். அதோட அலுமாரி இரும்பு, சுவர் கருங்கல்லு. அலை எப்பிடிப் போகும்? டீச்சர்ட கம்ப்யூட்டருக்கு நேரா வயர் இழுத்துருங்க. சொல்லப்போனா வகுப்புக்கு ஆயிரமே தேவயில்ல. எங்கட நூறுலயே நல்லாப் போச்சுதே."

ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்த ரவுட்டரை, அதிலிருந்த வயரை, ஒன்றையும் எண்ணாமல் வாங்கிவந்தேன். நண்டை அலுமாரியிலிருந்து இறக்கிவிட்டு, புதியதை நடையில் மூடாமல் வைத்தோம். கதவுக்கு மேலே இருக்கிற காற்று வழியால் வயரைப் பின்னறைக்கு இழுத்தோம். உங்கள் தங்கை கம்ப்யூட்டரில் வேகத்தைப் பார்த்து, "தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு" என்று வாசித்தாள். நான் கொப்பியை எடுத்து அதையும் பதிந்தேன்.

நேற்றுக் காலை எட்டுப் பத்துக்கு அவள் செருப்பைப் போடவில்லை. பின்னறையில் உட்கார்ந்து, "பிள்ளைகளா, எல்லாருக்கும் கேக்குதா?" என்றாள். கேட்குது டீச்சர் என்று ஒரே சத்தம். நானும் முன்னறையிலிருந்து கேட்குது என்றேன். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. பிழை முழுவதும் ரவுட்டருடையது. இனி நான் போன் எடுத்தால் தயவுசெய்து வைக்க வேண்டாம். பரீட்சை முடிந்ததும் நீங்களும் அக்காவும் வந்து நாலு நாள் நின்று உங்கள் கண்ணாலேயே பார்த்துப் போக வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் சமாதானம் தங்கியிருக்கட்டும், எங்கள் வீட்டில் இருக்கிற மாதிரியே.

இப்படிக்கு,
உங்கள் அன்பை மறவாத,
அற்புதராஜ்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஜெபமலர் கடிதத்தை வாங்கி வாசித்தாள். "எல்லாஞ் சரிதான். காரணம் மட்டும் பிழை" என்றாள். ரவுட்டர் கோளாறு அவளுக்கு முதல் கிழமையே தெரியுமாம். ஷஹீலாவிடம், பழைய வினாத்தாள் முடியும்வரை வாயைத் திறக்காதே என்று அவள்தான் சொல்லி வைத்தாளாம். ஏன் என்று கேட்டேன். "கால் மணிக்கு ஒருக்க கதவத் தொறந்து எவ்வளவு காட்டுதுன்னு கேட்டா, எப்படிங்க படிப்பிக்கிறது? அண்ணனுக்கு அதையும் சேத்து எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். ஆகையால் கண்டக்டரை ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் போனது என்னால்தான். இன்று காலை பின்னறைக் கதவுக்கு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. பார்த்து வாங்கியது அவள், அடித்துக் கொடுத்தது நான். முதல் தடவையிலேயே சரியாகப் பொருந்தியது.