ரீஸ்டார்ட் மாமா

மாலை ஆறரை மணிக்கு மேல்தான் உயிர் பெறுகிற ஒரு வகை மனிதர் இருக்கிறார். பகலில் பார்த்தால் உங்களால் அவரை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. நம்மைப் போலவே சட்டை போட்டிருப்பார், நம்மைப் போலவே மேலதிகாரிக்குப் பயப்படுவார், அலுவலக அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கினால் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு வேறு யாரையாவது கூப்பிடுவார். ஆனால் சாயங்காலம் வீடு திரும்பியதும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, கூடத்து மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியை எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று நோயாளியின் தலைமாட்டில் நிற்கிறவரைப் போலக் கவலையோடு விசாரிப்பார். இவர்தான் வீட்டு இணைய வைத்தியர். படிப்பு கிடையாது, பட்டம் கிடையாது, ஆனால் கைராசி உண்டு என்று அவருக்கு அவரே சான்றிதழ் கொடுத்துக்கொண்டவர்.

நம் கதைக்குரிய வைத்தியருக்கு அடுக்குமாடிப் பிள்ளைகள் வைத்த பெயர் ரீஸ்டார்ட் மாமா. மருந்துக் கிடங்கு ஒன்றில் சரக்கு மேற்பார்வையாளர். எதையும் எழுதி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவருடைய வைத்திய முறை மிகவும் எளிமையானது. பெட்டியின் வயரைப் பிடுங்க வேண்டும், வாய்விட்டு முப்பது எண்ண வேண்டும், மறுபடி சொருக வேண்டும். அந்த முப்பதை எண்ணி முடிப்பதற்குள் வீட்டில் யாருடைய படம் பாதியில் நின்றது, யாருடைய பேச்சு வாயோடு போயிற்று என்பதெல்லாம் வைத்தியருக்குத் தேவையில்லாத விஷயம். ஊசி போடும்போது பிள்ளை அழத்தானே செய்யும்?

முப்பதுக்கும் குணமாகவில்லையா, இடமாற்றச் சிகிச்சை. அந்தப் பெட்டி ஒரே வருஷத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்து அலமாரியின் உச்சிக்கும், அங்கிருந்து ஜன்னல் விளிம்புக்கும், அங்கிருந்து கவிழ்த்து வைத்த எவர்சில்வர் பாத்திரத்தின் மேலும் குடியேறி, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கொம்புகளையும் முடிதிருத்துகிறவர் தலையைத் திருப்புவதுபோல அப்படியும் இப்படியும் திருப்பப்பட்டு, கடைசியில் தானே ஒரு வாடகைக்காரனைப் போல அலுத்துப்போய்விட்டது. வயர் எட்டாத இடத்துக்கெல்லாம் பித்தளை இணைப்பு வைத்து ஒட்டுப் போட்டிருந்தார். மொத்தம் மூன்று ஒட்டு. இவை எல்லாவற்றுக்கும் நடுவே, கையில் போனை ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்து வேகம் அளப்பார். திரையில் முள் ஏறும்போது முகம் மலரும், முள் இறங்கும்போது உற்றார் உறவினருக்குத் தந்தி கொடுக்கலாமா என்பதுபோல நிற்பார். உடனே அடுத்த உத்தரவு பிறக்கும். யாரும் எதையும் பார்க்கக் கூடாது, யாரும் எதையும் பதிவிறக்கக் கூடாது. கல்லூரி போகும் மகள் குளியலறைக்குள் போனை எடுத்துக்கொண்டு போய்ப் படம் பார்க்கப் பழகியது இப்படித்தான்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த வீட்டில் ஒருத்தியின் பிழைப்பு அந்தப் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாமாவின் மனைவி கணக்கு டீச்சர். பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நின்றவள். முழங்கால் தேய்ந்து, மூன்றாம் மாடி வகுப்புக்கு ஏற முடியாமல் ஒருநாள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டவள். வேலையை விட்டபின் உள்ளறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மாலை ஏழு மணிக்கு ஏழு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். சமன்பாட்டில் எக்ஸைத் தூக்கி இந்தப் பக்கம் கொண்டு வரும்போது சரியாகத் திரை உறையும். எக்ஸ் அந்தரத்தில் நிற்கும், டீச்சர் வாய் திறந்தபடி நிற்பாள். பிள்ளைகள் எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? மூன்று பேர் போய்விட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை அவள் கணவனிடம் செய்தியைச் சொன்னாள். வேறு ஊரில் ஒரு பெரிய பள்ளி, வீட்டிலிருந்தே பாடம் நடத்த ஆசிரியர் தேடுகிறது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அதன் தலைமையாசிரியை அவளுடைய வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கப்போகிறார். பிடித்திருந்தால் நிரந்தர வேலை. மாடி ஏற வேண்டாத வேலை.

"அன்னிக்கு மட்டும் உறைஞ்சு போச்சுன்னா, அவ்வளவுதாங்க. இந்த வயசுல என்னை வேற யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள்.

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நம்புங்கள், இந்த வகை மனிதர்களுக்கு மனசு வெண்ணெய். கட்டியவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன்ல" என்றார்.

அங்கேதான் பிரச்சினையே.

கேபிள் அலுவலகத்துக்கு அசைக்க முடியாத ஆதாரம் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்பது கிடங்கில் அவர் கற்ற பாடம். எனவே தன்னுடைய போன், மகளுடைய பழைய போன், மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய கணினி, இந்த மூன்றையும் மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே வேகம் அளக்கும்படி முடுக்கிவிட்டார். வரும் எண்களைச் சிவப்புப் பேனாவால் நோட்டில் குறித்தார். செவ்வாய்க்கிழமை வேகம் படுத்துவிட்டது. புதன்கிழமை எழுந்திருக்கவே இல்லை. டீச்சரின் நாலு பிள்ளைகளில் ஒருவன், "மிஸ், நீங்க ரோபோ மாதிரி பேசுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மாமாவோ நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மனைவியிடம் காட்டினார்.

"பாத்தியா, எவ்வளவு மோசமா இருக்குன்னு? இதுக்கு மேல அந்தக் கேபிள்காரன் வாயே திறக்க முடியாது."

மறுநாள் காலை அவர் கிடங்குக்குப் போனதும், அவளே கேபிள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எப்போது ஆள் வரட்டும் என்று கேட்டார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு என்றாள். அதுவரை மாமா நாலு முறை ஆள் கூப்பிட்டிருக்கிறார், நாலு முறையும் தமக்கு வசதியான ஞாயிற்றுக்கிழமை காலையில். அந்த நேரத்தில் இணையம் குதிரையாய் ஓடும். வந்தவர் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். வலிக்கிற நேரத்தில் காட்டினால்தானே வலி தெரியும்? பதினெட்டு வருஷம் பிள்ளைகளின் வயிற்றுவலியைப் பார்த்தவளுக்கு அது தெரிந்திருந்தது.

அன்று அவள் வகுப்புக்கு விடுமுறை விட்டிருந்தாள். கேபிள்காரர் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத நடுவயதுக்காரர். மாமா நோட்டைப் பிரித்து ஆரம்பத்திலிருந்து விளக்கத் தொடங்க, அவர் தலையாட்டிக்கொண்டே தம்முடைய போனில் எதையோ தட்டினார். மாலையில் தெரு முழுக்க ஒரே லைனைப் பகிர்ந்துகொள்வதால் கொஞ்சம் வேகம் குறைவது உண்மைதான், அதை அலுவலகத்தில் எழுதி வைக்கிறேன், ஆனால் மிச்சம் வருவதே இந்த வீட்டுக்குத் தாராளம் என்றார். பிறகு திரையை உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், உங்க வீட்டுல யாரோ மூணு பேரு நிமிஷத்துக்கு ஒரு தடவை மொத்த லைனையும் உறிஞ்சுறாங்களே. யாரு அது?"

மகள் கூரையைப் பார்த்தாள்.

"அது..." என்றார் மாமா. "அது ஆதாரம்."

கேபிள்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் சிரிக்கவில்லை, அதுதான் மாமாவை அதிகம் காயப்படுத்தியது.

"வேகம் அளக்கணும்னா அது இருக்கிற லைன் முழுக்க இழுத்துப் பாக்கும் சார். தொட்டியில தண்ணி இருக்கான்னு பாக்க எல்லாக் குழாயையும் திறந்து விட்ட மாதிரி. அப்புறம் அம்மாவுக்கு எங்கேருந்து தண்ணி வரும்?"

மூன்று அளவைகளையும் நிறுத்தினார்கள். மூன்று பித்தளை ஒட்டுகளையும் கேபிள்காரர் பல் பிடுங்குவதுபோலப் பிடுங்கி எடுத்துவிட்டு ஒரே வயராக இழுத்தார். பெட்டியிலிருந்து டீச்சரின் மடிக்கணினிக்கு நேராக இன்னொரு வயர் போட்டார். போகும்போது வாசலில் நின்று, யாரும் கை வைக்காமல் இருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். பொதுவாகச் சொன்னதை எல்லோரும் ஒருவரையே பார்த்துக்கொண்டு கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏழு மணி. உள்ளறைக் கதவு சாத்தப்பட்டது. கூடத்தில் மாமா, எதிரில் காவலுக்கு மகள், நடுவில் பெட்டி.

ஏழு மணி ஐந்து நிமிடம் வரைக்கும் அவர் உட்கார்ந்திருந்தார். ஆறாவது நிமிடம் பெட்டியில் ஒரு விளக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகத் துடிப்பதுபோலப் பட்டது. துடித்ததா, தமது நெஞ்சுதான் துடித்ததா? எழுந்தார்.

"அப்பா."

"தண்ணி குடிக்கப் போறேன்டி."

"சமையலறை அந்தப் பக்கம்."

போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வரும் வழியில் சிகிச்சையின் பழைய ஆசை மூண்டது. ஒரே ஒரு தடவை. முப்பது வேண்டாம், பதினைந்து எண்ணினால் போதும். முன்கூட்டியே செய்துவிட்டால் பின்னால் உறையாதே? அவளுக்காகத்தானே செய்கிறோம்? மகள் தடுக்க எழுவதற்குள் கை வயரைத் தொட்டுவிட்டது. இரண்டு விரல்கள் பிடித்தும்விட்டன.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. தராசின் ஒரு தட்டில் எதை எடுத்தாலும் மறு தட்டிலும் அதையே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தராசு கோபித்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை ஏதோ கேட்டது. அவள் சிரித்தாள். மூன்று பிள்ளைகளும் சிரித்தன. எக்ஸ் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது, முழுசாக, ஒரு காயமும் இல்லாமல்.

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தும் அவள் பாடம் நடத்தி அவர் கேட்டதே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய வேகம் எத்தனை என்பதுதான். விரல்கள் தாமாகவே வயரை விட்டன. கதவருகே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி, பாடம் முடியும்வரை அவர் கணக்குக் கேட்டார். பள்ளியில் கோட்டைவிட்ட பாடம். புரிந்துவிட்டது என்று பிற்பாடு மகளிடம் சத்தியம் செய்தார்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. டீச்சர் வாசலில் நின்றாள்.

"வரச் சொல்லிட்டாங்க" என்றாள். "மாசம் பிறந்ததும் ஆரம்பிக்கணுமாம்."

மகள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாமா முக்காலியிலிருந்து எழ முயன்று, கால் மரத்துப்போய், மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, அழுதீங்களா?"

"தூசி" என்றார் மாமா.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாளே பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மாடிப்படியில் மறித்து, உங்க வீட்டுல மட்டும் சாயங்காலம் எப்படி சார் நல்லா வருது, எங்க வீட்டுல இழுத்துட்டுக் கிடக்கு என்று அலுத்துக்கொண்டார். மாமா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் நம்ம கை வைக்கிற விதத்துல இருக்கு" என்றார். அவர் கை வைக்காததுதான் வைத்தியம் என்பது பாவம், பல் டாக்டருக்கு எப்படித் தெரியும்? இருவருமாக டாக்டர் வீட்டுக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒருவர் நிதானமாக எண்ணும் சத்தம் கேட்டது.

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். புரட்டுங்கள். அதற்கு முன் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் நீங்கள் கூடத்துக்குள் காலடி வைத்ததும், வீட்டில் இருப்பவர்கள் கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீங்கள் கேட்பதற்கு முன்பாகவே, "நெட்டு நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு" என்று ஒரே குரலில் சொல்கிறார்களா? அப்படியானால் லைனில் ஒரு கோளாறும் இல்லை.