பேர் போன தெரு

மெம்பிஸ் நகரில் 'முன்னேற்றம்' என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் காரியர் என்ற அயல்நாட்டு இனத்தாரே. எகிப்திய மன்னருக்குக் கூலிப்படையாகக் கடல் கடந்து வந்தவர்கள், வாளைத் தீட்டிய கையோடு பெயரையும் தீட்டிக்கொண்டார்கள். தலைவர் அர்லிஷ் கூட்டிய 'பெயர்ச் சீர்திருத்த மாமன்றம்' ஒருமனதாகத் தீர்மானித்தது: ஆண்பிள்ளைகள் அனைவருக்கும் மன்னர் பெயரான சாம்திக். காரிய நாக்கு அதைப் 'பிஸ்மஷ்க்' என்று மென்று துப்பியது. போகட்டும், மரியாதை மரியாதைதானே!

விதவை நித்தோக்ரிஸ் மட்டும் முரண்டு பிடித்தாள்.

"என் பிள்ளைக்கு அவங்கப்பா வச்ச பேரு உக்ஸ்மு. அது போதும் தலைவரே."

"அசடு மாதிரி பேசாதேம்மா. உக்ஸ்முன்னா எவன் மதிப்பான்? என் பையனே பிஸ்மஷ்க்தான்."

"தெருவுல பிஸ்மஷ்க்னு கூப்பிட்டா நாய்கூடத் திரும்பிப் பாக்குது!"

"பாத்தியா, நாய்க்கே மரியாதை வந்திருச்சு!"

பெயர் மாற்றாத வீட்டுக்குத் தானியம் கிடையாது என்று மாமன்றம் 'அன்புடன்' எடுத்துரைத்தது. உக்ஸ்முவும் பிஸ்மஷ்க் ஆனான். கதவைச் சாத்திவிட்டுத்தான் அவள் மகனைப் பழைய பெயரால் கூப்பிட்டாள்.

ஒருநாள் அரண்மனைத் தூதர் வந்து இறங்கினார். "தெக்கே நூபியாவுல சண்டை. முன்வரிசையில நிக்கத் தலைவர் மகன் சாம்திக்கை மன்னர் கூப்பிடுறார்."

அர்லிஷ் ஆழ்ந்து சிந்தித்தார். தாம் செய்த சீர்திருத்தத்தின் அருமை அப்போதுதான் அவருக்கே விளங்கியது. சொந்த மகனை அடுப்படியில் ஒளியச் சொல்லிவிட்டு, உக்ஸ்முவைப் பிடித்துப் படகில் ஏற்றினார். தூதருக்குக் காரிய முகங்கள் எல்லாம் ஒன்றுதான்.

"ஐயோ, அவன் என் பிள்ளை! விடுங்கய்யா!" என்று நித்தோக்ரிஸ் கதறினாள்.

"வளர்த்த தாதி," என்று அர்லிஷ் தூதருக்கு விளக்கினார். "பாசம் விடமாட்டேங்குது, பாவம்."

நைல் வெள்ளம் வடிவதற்குள் செய்தி வந்தது: சாம்திக் வீரமரணம். மன்னர் கொடுத்தனுப்பிய பொன்மாலையைத் தூதரே 'வீரத் தந்தை'யின் கழுத்தில் போட்டார். அர்லிஷ் விம்மி விம்மி அழுதார். மாமன்றமே உருகிற்று. உச்சி வெயிலில் அப்பாவுக்கு மயக்கம் வந்துவிடக் கூடாதே என்று அவர் மகன் பின்னால் நின்று விசிறினான்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நித்தோக்ரிஸ் முன்னால் வந்தாள்.

"பிள்ளையைப் பறிகொடுத்தவர், நல்லா அழட்டும். ஏன் தலைவரே, செத்துப்போன உங்க பிள்ளை எதுக்குப் பின்னால நின்னு விசிறிக்கிட்டிருக்கான்?"