ஹெர்ஷலின் வால் எலும்பு

ஹெர்ஷலுக்கு வால் எலும்பு வலித்தது. உட்கார முடியவில்லை. மல்லாந்து படுக்க முடியவில்லை. சமையலறைத் தரையில் குப்புறப் படுத்து, முகவாயை மடித்த துண்டின் மேல் வைத்துக்கொண்டு, அடுப்புக்கு அடியில் எப்போதோ காணாமல் போன ஸ்பூனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரிச் சுரங்கத்தில் கூரை இடிந்து விழாமல் இரும்பு ஆணி முடுக்குகிற வேலை அவனுக்கு. ஈரப் பாறையில் கால் வழுக்கி, பின்புறம் அடிபட உட்கார்ந்துவிட்டான். அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. விஷயம் மனைவி ஓமாவுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். மேஸ்திரிக்குத் தெரிந்தால் மறுநாளே அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

கதவு திறந்தது. ஹெர்ஷலின் மூக்குக்கு நேராக ஒரு ஜோடி கறுப்புச் செருப்பு வந்து நின்றது. போதகர் ஹோபர்ட்டின் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பு. அன்று வியாழக்கிழமை.

"ஹெர்ஷல், கீழ என்ன பண்ற?"

"ஜெபம் பண்றான்" என்றாள் ஓமா.

"நல்லது. பண்ணட்டும். லான்சோ ஓடிட்டான்."

லான்சோ பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். மனிதனுக்கும் குரங்குக்கும் மூதாதை ஒருவரே என்று அந்தப் பள்ளத்தாக்கில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆள். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலில் அவருக்கும் போதகருக்கும் விவாதம். 'மனிதன் எங்கிருந்து வந்தான்?' என்று பெட்ரோல் பங்கிலும் தபாலாபீசிலும் மாட்டுத்தீவனக் கடையிலும் காகிதம் ஒட்டியாகிவிட்டது.

"ஓஹையோவுல பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்காம். பஸ் ஏறிட்டான். சந்தேகப்படறவன் இல்லாம எப்படி விவாதம் பண்றது? சுவத்தோடயா பேசறது?"

"நீங்க மட்டும் பிரசங்கம் பண்ணிடுங்களேன்" என்று ஹெர்ஷல் துண்டுக்குள் சொன்னான்.

போதகர் பதில் சொல்வதற்கு முன் இருமினார். அதுவே பதில். அந்தச் சபையில் படித்த போதகர் என்று யாரும் கிடையாது, சம்பளமும் கிடையாது. கரி வெட்டுகிறவர்களில் எவன்மேல் ஆவி இறங்குகிறதோ அவன் எழுந்து நின்று பேசுவான். இறங்கினால் பேச்சு தானாகவே பாட்டாக இழுபடும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு 'ஹா' என்று அறுந்து விழும். ஹோபர்ட்டின் 'ஹா' ஒருகாலத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டது. இப்போது நுரையீரல் முழுக்கக் கரித்தூள். இருமல்தான் வருகிறது.

"விவாதம்னா பாட வேண்டாம், பாரு. உக்காந்து பேசிடலாம். அதுக்குத்தான் ஏற்பாடு பண்ணேன்."

"வேற யாரையாவது கேட்டீங்களா?"

"கேட்டேன். மூணு பேருக்குச் சந்தேகம் இருக்கு. மூணு பேரும் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாதுங்கறாங்க."

ஓமா சுற்றுமுற்றும் பார்த்தாள். மேஜை, ஜன்னல், அலமாரி, எங்கும் ஆப்பிள் அடைத்த பை பலகாரம். சனிக்கிழமைக் கூட்டத்துக்காக அவள் இரண்டு நாளாகச் சுட்டது.

"இவன் பண்ணுவான்" என்றாள். "நான் எது சொன்னாலும் இல்லேங்கறவன்தானே."

"நான் சபை உறுப்பினன்!" என்றான் ஹெர்ஷல்.

"அதனாலதான் உன்னை நம்பறேன்" என்றார் போதகர். "பத்து நிமிஷம் பேசு. அப்புறம் தடுமாறு. நான் முடிச்சு வைக்கறேன்."

"தோத்துடணுமா?"

"கௌரவமாத் தோக்கணும். எடுத்தவுடனே விழுந்துடாத. ஜனங்க தூரத்துலேந்து வராங்க."

எழுந்து ஓட முடிந்திருந்தால் ஹெர்ஷல் ஓடியிருப்பான்.

சனிக்கிழமை கோயில் நிரம்பிவிட்டது. மேடையில் இரண்டு மர நாற்காலிகள். போதகர் ஒன்றில் உட்கார்ந்தார். ஹெர்ஷல் இன்னொன்றைப் பார்த்தான். பிறகு பிரசங்க மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உக்காருப்பா" என்றார் போதகர்.

"இருக்கட்டும்."

போதகர் முதலில் பேசினார். நன்றாகவே பேசினார். "தொழுவம் கட்டறதும் ஒரே தச்சன், கோயில் கட்டறதும் அதே தச்சன். ரெண்டுலயும் ஒரே ஆணிதான் இருக்கும். அதுக்காகத் தொழுவம் கோயிலைப் பெத்துதுன்னு சொல்லுவியா?" என்றார். ஜனங்கள் ஆமென் என்றார்கள். ஹெர்ஷலும் ஆமென் என்றான். பிறகுதான் தான் எந்தப் பக்கம் என்று ஞாபகம் வந்தது.

அவன் முறை வந்தது. தோற்பதற்குக்கூட ஏதாவது சொல்லியாக வேண்டும். அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"நான் ஆணி முடுக்கற கூரையில இலை இருக்கு. கல்லுக்குள்ள. நரம்பு நரம்பாத் தெரியும். அந்த மாதிரி இலை இந்த மலையில எந்த மரத்துலயும் இல்ல. ரொம்ப நாளைக்கு முந்தி இங்க வேற காடு இருந்திருக்கு."

கரி வெட்டுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள்.

"கரடியைத் தோலுரிச்சவங்க கை தூக்குங்க."

பாதிக் கோயில் கை தூக்கியது.

"தோலை எடுத்ததும் அது கை யாரு கை மாதிரி இருந்துச்சு?"

பின் பெஞ்சிலிருந்து டால்மேஜ், சுரங்கத்தில் ஹெர்ஷலோடு ஜோடியாக ஆணி முடுக்குகிறவன், மெதுவாகச் சொன்னான்: "எங்க மாமா கை மாதிரி."

மாமாவும் வந்திருந்தார். "டேய்!" என்றார். ஆனால் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்புறம் வால் எலும்பு" என்றான் ஹெர்ஷல். "எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. என்னைக்கும் வாலே இல்லாதவனுக்கு அது எதுக்கு?"

அந்த நேரம் பார்த்து அவனுடைய வால் எலும்பு சுருக்கென்று பிடித்தது. முதுகு முழுக்க நெருப்பு ஏறியது. "ஹா" என்றான்.

பத்து நிமிஷம் ஆகிவிட்டது. தடுமாற வேண்டிய கட்டம். ஆனால் பேச்சை முடித்தால் நாற்காலியில் உட்கார வேண்டும். ஹெர்ஷல் அந்த மரப் பலகையைப் பார்த்தான். உட்காருவதைவிடப் பேசுவது மேல் என்று முடிவு செய்தான்.

அதனால் பேசினான். கரடியிலிருந்து அணிலுக்குப் போனான், அணிலிலிருந்து தவளைக்கு. வாயை மூடும்போது வலி பிடித்தது என்பதால் ஒவ்வொரு வரியையும் முடிந்தவரை இழுத்தான். கடைசியில் எப்படியும் பிடித்தது. "தவளைக்கும் கையுண்டூஊஊ, ஹா! அந்தக் கையில் விரலுண்டூஊஊ, ஹா!" வியர்வை வழிந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. முன்பெஞ்சில் ஒரு கிழவி அழ ஆரம்பித்தாள். எவனோ ஆமென் என்றான். போதகர் சட்டென்று திரும்பி யாரென்று பார்த்தார்.

அவன் நிறுத்தியபோது வெளியே இருட்டியிருந்தது. போதகர் முடித்து வைக்க எழுந்தார், இருமினார், மறுபடி உட்கார்ந்தார். எல்லாரும் போய் ஆப்பிள் பை சாப்பிட்டார்கள். ஹெர்ஷல் பக்கம் ஒருவரும் வரவில்லை; தூரத்தில் நின்று பார்த்தார்கள்.

"தோக்கச் சொன்னா உனக்குத் தோக்கக்கூடத் தெரியாதா?" என்றாள் ஓமா வீட்டுக்கு வந்ததும். "சீட்டாட்டத்துல தோக்கற. மீன் பிடிக்கறதுல தோக்கற. இதுல மட்டும் என்ன வந்துச்சு?"

"நாற்காலியில உக்கார முடியல."

"அதுக்காக எங்க பரம்பரையையே தவளைக்குத் தூக்கிக் கொடுத்துட்டியே."

திங்கட்கிழமை சாப்பாட்டு வாளியைத் திறந்தால் சோளரொட்டிக்கு மேல் ஒரு வாழைப்பழம் இருந்தது. சுற்றியிருந்த எல்லாரும் அவரவர் வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருடா வச்சது?"

"உறவுக்காரங்க யாராவது வச்சிருப்பாங்க" என்றான் டால்மேஜ்.

ஹெர்ஷல் பசியில் இருந்தான். பழத்தைத் தின்றான். அதுவும் தப்பாகப் போயிற்று. குரங்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டான் என்று மதியத்துக்குள் அடுத்த சுரங்கம் வரை செய்தி போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை லான்சோ ஊர் திரும்பினார். பஸ்ஸிலேயே எல்லாம் கேள்விப்பட்டு, பெட்டியை வீட்டில் வைக்காமல் நேரே ஹெர்ஷல் வீட்டுக்கு வந்தார்.

"கரடி சரி. எலும்பு சரி. ஆனா அந்த இலை 'ரொம்ப நாளைக்கு முந்தி'ன்னு சொன்னியாமே? முப்பது கோடி வருஷம்யா! அதுவா ரொம்ப நாளு? போன கிறிஸ்துமஸ் மாதிரி பேசறே" என்றார்.

"நீங்க இருந்திருந்தா..."

"அதுக்கு ஆமென் வேற சொன்னாங்களாம்! விஞ்ஞானத்துக்கு எவனாவது ஆமென் சொல்லுவானா? எங்க பக்கத்தையே கெடுத்துட்டியேய்யா."

இரண்டு பக்கமும் கெட்டபிறகு ஹெர்ஷலுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மன்னிப்புக் கேட்பது. இரண்டே வரி. ஓமா சொல்லிக்கொடுத்து, மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான்.

எழுந்து நின்றான். அன்று முழுக்கக் குனிந்தே வேலை செய்திருந்தான். "நான் பேசினது தப்பூஊஊ" என்று ஆரம்பித்தபோதே பிடித்துக்கொண்டது. "ஹா! என்னை மன்னிக்கணூஊம், ஹா!"

முன்பெஞ்சுக் கிழவி மறுபடி அழுதாள். பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். போதகர் கைக்குட்டையை வாயில் வைத்தபடி அவனை வெறித்துப் பார்த்தார். மன்னிப்பதாக யாரும் சொல்லவில்லை. கூட்டம் கலையும்போது வாசல் பார்க்கிற டால்மேஜ் எழுந்து அறிவித்தான்:

"சனிக்கிழமை சபைக்கூட்டம். ஹெர்ஷல் விஷயம் எடுத்துக்கறோம். ஓட்டுப் போடணும், எல்லாரும் வந்துடுங்க."

சனிக்கிழமைக் கூட்டத்தில் ஓட்டுப் போட்டால் அது சபைப் பேரேட்டிலிருந்து பேரை வெட்டுவதற்குத்தான். ஹெர்ஷல் பார்த்தவரை அப்படித்தான். குடித்தவனை வெட்டியிருக்கிறார்கள், அடுத்தவன் மனைவியோடு போனவனை வெட்டியிருக்கிறார்கள். தவளைக்காக இதுவரை யாரையும் வெட்டியதில்லை.

வீட்டில் ஓமா பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"பேரை வெட்டினாங்கன்னா நான் எங்கக்கா வீட்டுக்குப் போறேன். பிறந்ததுலேந்து அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கேன். வெட்டுப்பட்டவன் பொண்டாட்டியா அதுல உக்கார மாட்டேன்."

"ஓமா, வலியாலதான் அப்படி ஆச்சுன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லு. திங்கக்கிழமை உன் இடத்துல வேற ஆளு நிப்பான். அப்புறம் ரெண்டு பேருமாவே எங்கக்கா வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் துணிகளை மடித்து வைத்தாள். ஹெர்ஷல் தரையில் குப்புறப் படுத்தபடி அந்தப் பெட்டி நிறைவதைப் பார்த்தான். அவளுடைய நீலக் கோட்டு உள்ளே போனபோதுதான் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவனுக்கு உறைத்தது.

சனிக்கிழமை யாருடைய விஷயம் எடுக்கிறார்களோ அவன் வெளியே நிற்க வேண்டும். ஹெர்ஷல் கோயில் படிக்கட்டில் நின்றான். தூறல் போட்டது. ஓமாவின் பெட்டி வண்டியின் பின்சீட்டில் இருந்தது. அவள் உள்ளே இருந்தாள், அவளுக்கும் ஓட்டு உண்டு. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் போதகரின் இருமல் கேட்டது. பிறகு பேச்சு. பிறகு, ஓட்டுப் போட முதலில் ஒருவர், பிறகு எல்லாரும் எழுந்து நிற்கிற செருப்புச் சத்தம். ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை போலிருந்தது.

கதவு திறந்தது. டால்மேஜ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். செத்த வீட்டில்தான் அவன் அப்படிச் செய்வான்.

"வெட்டிட்டீங்களா?" என்றான் ஹெர்ஷல். "அந்தக் குரங்கு விஷயத்துக்கு நான் வேணா இன்னொரு தடவை..."

"குரங்கைப் பத்தி நீ என்ன சொன்னேன்னு யாருக்குடா ஞாபகம் இருக்கு?" என்றான் டால்மேஜ். "பெரியவருக்கு நுரையீரல் போனதுலேந்து ஆவி அடுத்து யார்மேல இறங்கும்னு காத்துக் கெடந்தோம், உன்மேல வரிக்கு வரி இறங்குச்சே, முதல்ல எழுந்து நின்னதே உன் பொண்டாட்டிதான்! உள்ள வாங்க போதகரே, நாளைக் காலையில கடவுள் மனுஷனைப் படைச்ச கதை, ஆதியாகமம் முதல் அதிகாரம், நீங்க எங்களுக்குப் பிரசங்கம் பண்ண வேண்டிய பாக்கி."