ஜெயப்பிரியாவுக்குக் கிடைத்த ஆதரவு

உலகக் கல்வி வரலாற்றை எழுத இனி யாராவது துணிந்தால், கவுஞ்சி மலைக்கிராமத்து 'முகில்' மழலையர் மற்றும் தொடக்கப் பள்ளிக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே தீரவேண்டும். ஒதுக்காவிட்டால் பள்ளித் தாளாளர் குழந்தைவேல் கோபித்துக்கொள்வார்; அவர் கோபித்துக்கொண்டால் வரலாறு தாங்காது. கொடைக்கானலில் மூன்று காட்டேஜ் கட்டி வாடகைக்கு விட்டு, அதில் செலவானது போக மிச்சமிருந்த மூளையைக் கல்விக்கு அர்ப்பணித்த தியாகி அவர். பள்ளி வாசலில் 'எந்தப் பிள்ளையையும் பின்தங்க விடமாட்டோம்' என்று ஆளுயரத்துக்கு எழுதி, இரவிலும் தெரியும்படி விளக்குப் போட்டிருந்தார். இரவில் பள்ளி கிடையாது என்பது வேறு விஷயம்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை ரோகிணி அப்போது இன்னும் அறியாமையில் இருந்தாள். அதாவது, சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு நாள் ஜெயப்பிரியாவின் கணக்கு நோட்டைத் திருத்தும்போது அவளுக்குத் திகைப்பாகிவிட்டது. பலகையில் 38ஐயும் 16ஐயும் கூட்டச் சொல்லியிருந்தாள். பிள்ளை 33ஐயும் 10ஐயும் கூட்டி 43 என்று போட்டிருந்தது. கூட்டல் சரி, கணக்குதான் வேறு.

இது என்ன கூத்து என்று ரோகிணி யோசிக்க ஆரம்பித்தாள். அதற்குள் செய்தி தாளாளர் காதுக்குப் போய்விட்டது. தன்னைக் கேட்காமல் பள்ளிக்குள் யாரும் யோசிப்பது அவருக்குப் பிடிக்காது. அன்றே கூட்டம் போட்டார்.

"மிஸ், இது சாதாரண கேஸ் இல்ல. பிள்ளைக்கு சப்போர்ட் குடுத்தே ஆகணும்."

"நான் பக்கத்துல உக்கார வச்சுப் பாத்துக்கிறேன் சார்."

"அது டியூசன். சப்போர்ட்டுன்னா சிஸ்டம் வேணும் மிஸ்."

சிஸ்டம் வந்தது. முதல் கட்டமாக ஜெயப்பிரியாவுக்குத் 'தனிக்கவன இருக்கை' வழங்கப்பட்டது. தனிக்கவனம் என்றால் தனியாக இருக்க வேண்டுமல்லவா? ஆகவே கடைசி பெஞ்சு. அங்கே போனதும் 33ம் 10ம்கூட நோட்டில் வருவது நின்றுபோனது. ஆதரவு போதவில்லை என்பது இதனால் நிரூபணமாயிற்று. இரண்டாம் கட்டம், வராந்தாவில் 'இயற்கைவழிச் சிந்தனை'. கவுஞ்சிப் பனியில் பிள்ளைக்குச் சளி பிடித்ததே தவிர, சிந்தனை பிடிக்கவில்லை. மூன்றாம் கட்டம், 'அமைதி அறை'. கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறைதான். சுவரில் ஒரு வானவில் வரைந்ததும் அமைதி தானாக வந்துவிட்டது. அங்கிருந்து வகுப்புக் கரும்பலகையைக் கழுகால்கூடப் பார்க்க முடியாது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். முகில் பள்ளியில் அதற்குப் பெயர் 'முழுமையான அணுகுமுறை'.

இவ்வளவையும் நடத்த ஓர் ஆள் வேண்டுமே? ரோகிணியைக் 'கற்றல் ஆதரவு ஒருங்கிணைப்பாளர்' ஆக்கினார் தாளாளர். சம்பளம் மட்டும் பழைய பதவியிலேயே இருந்தது. காலையில் அமைதி அறையைப் படம்பிடிப்பது, மதியம் ஆலோசனைக் கூட்டம், வாரக் கடைசியில் கொடைக்கானலில் கருத்தரங்கு. நடுவில் வகுப்பை எட்டிப் பார்ப்பாள். பிள்ளைகள் சத்தமே போடாமல் உட்கார்ந்திருப்பார்கள். தங்கமான பிள்ளைகள்.

ஒரு நாள் ஜெயப்பிரியாவின் அம்மா வேலுத்தாய், பூண்டுக் காட்டிலிருந்து மண் காலோடு நேராக வந்து நின்றாள். தாளாளரும் ரோகிணியும் விருதுக்கு விண்ணப்பிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சரம்மா, இவ டிவியவே மூக்கு ஒட்டத்தான் பாக்குறா. முன்னாடி பெஞ்சுல உக்கார வச்சா என்னங்க?"

ரோகிணி வாய் திறக்குமுன் தாளாளர் முந்திக்கொண்டார். "முன்பெஞ்சு டேலன்ட் குரூப்புக்கு புக் ஆயிருச்சும்மா. நடுவுல ரூம் மாத்துனா, வந்து, இடம் மாத்துனா மத்த பேரன்ட்ஸ் சும்மா இருப்பாகளா?"

"தரையிலகூட உக்காருவா சார்."

"தரையில உக்கார வச்சா பாக்கிறவுக என்ன சொல்லுவாக? நாங்க சப்போர்ட்டே குடுக்கலைன்னு ஆயிரும்ல."

வேலுத்தாய் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வருசமும் எழுத்து ஏறலைன்னா பூண்டெடுக்கக் கூட்டிட்டுப் போயிருவேன்னு அவுக அப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாருங்க. வெள்ளனே ஒரு சண்டை, பொழுதடைஞ்சா ஒரு சண்டை. நான் ஒருத்தி எத்தன நாளைக்குத்தான் மறிக்க?"

"கவலைய விடுங்க. நாலாவது கட்டத்துல வீட்டுல இருந்தே படிக்கிற வசதி வருது."

அந்தத் தாய் சொல்வதுதான் சரி என்று ரோகிணிக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் கருத்தரங்குக்கு ஜீப் வந்து ஹாரன் அடித்தது, போய்விட்டாள்.

வேலுத்தாய் நாலாவது கட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. ஊருக்கு வந்த இலவசக் கண் முகாமுக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைக்கு எட்டத்தில் இருப்பது எதுவுமே தெரியவில்லை என்று டாக்டர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் மூக்கில் கண்ணாடியோடு வந்தாள் ஜெயப்பிரியா. வழியெல்லாம் மரத்தில் இலை இலையாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

சிஸ்டத்தைத் தாண்டி ஒரு பிள்ளை குணமாவதா? தாளாளர் முகம் முதலில் சுண்டிப்போனது. பிறகு சுதாரித்துக்கொண்டார். ஐந்தாம் கட்டமாகத் தாங்களே கண்ணாடியைத்தான் திட்டமிட்டிருந்ததாக அறிவித்தார். விருதுக் குழுவுக்கு அனுப்பக் காணொளி எடுக்கவேண்டும் என்றார். ஜெயப்பிரியா மீண்டும் வகுப்புக்குள் வந்தாள், அதே கடைசி பெஞ்சுக்கு. அவ்வளவு தூரத்திலிருந்து படித்தால்தான் ஆதரவின் பெருமை விளங்குமாம். வேலுத்தாயைக் கதவோரம் நிறுத்தினார்கள். கேமரா ஓடியது. ரோகிணி பலகைப் பக்கம் முதுகைக் காட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஜெயப்பிரியா, போர்டுல என்ன இருக்கு? சத்தமா படிம்மா."

பிள்ளை பார்த்தது. கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தது.

"ஒண்ணுமே இல்ல மிஸ்."

வேலுத்தாய்க்கு முகம் செத்துப்போயிற்று. தாளாளர் மட்டும் தெம்பாகத் தலையை ஆட்டினார். "நான்தான் சொன்னேன்ல மிஸ், இது கண்ணு சம்பந்தப்பட்டதே இல்ல."

ரோகிணி திரும்பிப் பார்த்தாள். பலகையில் ஒரு கோடுகூட இல்லை. கடைசியாக எப்போது அதில் எழுதினோம் என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. காது மடல் சுட்டது. முன்பெஞ்சில் இருந்த கோகுல்ராஜிடம் திரும்பினாள்.

"ஏன்டா, நீங்க யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

அவன் மரியாதையாக எழுந்து நின்றான்.

"காலாண்டுப் பரிட்சைக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான் கெடக்கு மிஸ். எங்களுக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுதே, அதனால எங்களை யாரும் கேக்கல."