வள்ளத்தில் நான் மாற்றிய சம்மனசு

இருபத்து நாலு வயதில் எனக்குத் தெரியாதது என்று எதுவும் இருக்கவில்லை. பிற்பாடுதான் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போனது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ராமநாதபுரத்தில் வாத்தியாராக இருந்தேன். கூட வேலை பார்த்த திரேசாவைக் கட்டிக்கொள்ள ஆசை. அவள் கத்தோலிக்கம், நான் புராட்டஸ்டண்டு. (கர்த்தர் ஒருவர்தான், சொந்தக்காரர்கள்தான் வேறு.) அக்காள்மடத்தில் மீன்பிடித்த அவளுடைய அய்யா அந்தோணி சம்மதித்தால்தான் கல்யாணம்.

நான் பேசப் போன அன்று அவருடைய புது வள்ளத்தை மந்திரிக்கப் பங்குச் சாமியார் வருவதாக இருந்தது. “வேதத்தப் பத்தி மட்டும் வாயத் திறந்துறாதீங்க” என்று திரேசா எச்சரித்திருந்தாள். சத்தியமாக வாயைத் திறக்கவில்லை.

அந்தோணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பச்சைப் பெயின்டையும் பிரஷையும் நீட்டி, “வாத்தியாரே, உங்க கையால ரபேல் சம்மனசு பேர எழுதுங்க” என்றார். (சம்மனசு என்றால் எங்கள் பக்கத்துத் தேவதூதன்.) பாதி மாப்பிள்ளை ஆகிவிட்ட மிதப்பில் பிரஷை நனைத்தேன். அப்போதுதான் என் ஞானம் விழித்துக்கொண்டது. ரபேல் வருவது தொபியாஸ் ஆகமத்தில். அது அவர்கள் வேதாகமத்தில் உண்டு, எங்கள் அறுபத்தாறு புத்தகங்களில் கிடையாது. இல்லாத தூதனை நம்பியா மனுஷர் கடலுக்குப் போவது? அவர்மேல் நிஜமாகவே அக்கறைப்பட்டு, இரண்டு வேதத்திலும் இருக்கிற காபிரியேலைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன்.

சாமியார் வந்து பார்த்து, “காபிரியேல்! நல்ல பேரு” என்றார்.

“ரபேல், சாமி” என்றார் அந்தோணி.

“காபிரியேல்னுல்ல எழுதியிருக்கு?”

கூட்டமே என்னைப் பார்த்தது. திரேசா மட்டும் மணலைப் பார்த்தாள்.

“எங்க பைபிள்ல ரபேல் இல்லீங்க. மொத்தமே அறுபத்தாறு புத்தகந்தான்” என்றேன்.

“அறுவத்தாறுன்னு சொன்னது யாரு?” என்றார் அந்தோணி.

“பொருளடக்கத்துல போட்டிருக்கு.”

“அதப் போட்டது யாரு? சின்னப்பரா?” (எங்களுக்குப் பவுல்.)

யூதர்கள், சபைப் பிதாக்கள் என்று படித்ததெல்லாம் தொண்டைவரை வந்தது. வெளியே வந்தது என்னவோ, “அச்சாபீஸ்ல போட்டது.”

சாமியாரே சிரித்துவிட்டார். “நமக்குப் பாப்பு, இவுகளுக்கு அச்சாபீஸ்காரரு!” என்றது ஒரு குரல். (பாப்பு என்றால் போப்பாண்டவர்.)

அந்தோணி சிரிக்கவில்லை. “ஏலே” என்றார். வாத்தியார் பட்டம் போயே போய்விட்டது. “தொபியாஸ் ஆகமத்துல ரபேல் என்ன செஞ்சாரு தெரியுமா? வெளியூர்ப் பயலக் கூட்டிட்டுப் போயி, பொண்ணு பேசிக் கலியாணம் முடிச்சு வச்சாரு. பொண்ணு கேட்டு வந்த நீ அவரையே இல்லங்கிற. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான இப்பிடிச் செஞ்ச?”

படித்த திமிர்தான், வேறென்ன. வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் காபிரியேலைத் துடைத்துவிட்டு ரபேலை எழுதினேன். திரேசா பக்கத்தில் நின்று அய்யாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து சேதி வந்தது: “ரபேலே பொறுத்துக்கிட்டாரு, நான் என்ன செய்ய? வரச் சொல்லு.”

இன்றும் எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகையோ மளிகைச் சீட்டோ, நான் எழுதினால் யாராவது சத்தமாக வாசித்த பிறகுதான் வெளியே போகும். “அச்சாபீஸ்காரரு எழுதுனது, சம்மனசு சரியா இருக்கான்னு பாரு” என்பாள் திரேசா. மாமனார் தொடங்கி வைத்தது இது. மூத்தவனின் ஞானஸ்நானத்தன்று கோவில் பதிவேட்டில் பேரை நான்தான் எழுதினேன். அவர் குனிந்து, விரலை வைத்து, ர, பே, ல் என்று தானே வாசித்தார். அந்த ஒரு பேரை மட்டும் மகளிடம் படித்து வைத்திருந்தார்.